நோட்டர் டேம் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரத்தை ஒட்டி இருக்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் நோட்டர் டேம். 1842-ல் எட்வர்ட் சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொடங்கியது. அதன் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது அங்கே நடந்த படிப்பு அல்ல, ஃபுட்பால் அணி. இந்த அணியைப் பற்றிய கதைகளில் பலவற்றுக்கு வழியில் கை கால் முளைத்துவிட்டது. எது நடந்தது, எது பிறகு ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

இது கால்பந்தா, வேறு விளையாட்டா?

வேறு. இது அமெரிக்கன் ஃபுட்பால். பக்கத்துக்கு 11 பேர். பந்து இரண்டு முனையிலும் கூராக இருக்கும். கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். கீழே உள்ளதைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

அணி எப்போது தொடங்கியது?

1887 நவம்பர் 23 அன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் முன்பு நோட்டர் டேமில் இருந்தவர்கள். அவர்கள் ஏற்பாட்டில் மிச்சிகன் அணி வந்து இறங்கியது. நோட்டர் டேம் மாணவர்களுக்கு ஆட்டமே சரியாகத் தெரியாது. அதனால் முதலில் இரண்டு தரப்பும் கலந்து நின்று ஒரு பாடம் நடந்தது, அப்புறம்தான் போட்டி. மிச்சிகன் 8, நோட்டர் டேம் 0. சொல்லிக்கொடுத்த மிச்சிகனை முதன்முறையாகத் தோற்கடிக்க 1909 வரை ஆனது (11–3). அடுத்த வருடமே, தகுதியில்லாத ஆட்களை இறக்குகிறார்கள் என்று குற்றம் சாட்டி மிச்சிகன் போட்டியை ரத்து செய்தது. இரண்டு அணிகளும் மறுபடி மோதியது 1942-ல். 32 வருடக் கோபம்!

ஃபார்வர்ட் பாஸைக் கண்டுபிடித்தது நோட்டர் டேம் என்கிறார்களே?

தவறு. ஆனால் இந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு நல்ல ஆட்டம் இருக்கிறது.

1905-ல் மைதானத்தில் பல இளைஞர்கள் செத்துப்போனதால் விளையாட்டையே தடை செய்யலாமா என்ற பேச்சு எழுந்தது. கூட்டமாக முட்டி மோதுவதைக் குறைக்க, 1906-ல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். சட்டப்படியான முதல் பாஸை அந்த வருடம் செப்டம்பரில் எறிந்தவர் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன். தொடக்கத்தில் பாஸுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடுகள். 1912-ல் தூரத்துக்கு இருந்த 20 கெஜ வரம்பு போனது.

1913 கோடையில் நோட்டர் டேம் குவார்ட்டர்பேக் கஸ் டோரைஸும், பந்தை வாங்கும் நூட் ராக்னியும் ஒஹாயோவின் சீடர் பாயிண்ட் ஏரிக்கரை விடுதியில் வேலைக்குப் போனார்கள். ஓய்வு நேரமெல்லாம் மணலில் எறிந்து பிடித்துப் பழகினார்கள். நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட்டில் ராணுவ அகாடமி அணியோடு போட்டி. கிழக்குப் பகுதிப் பத்திரிகைகள் இந்த மேற்கத்திய கல்லூரியை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் ஆளின் கைக்கு நீளமான பாஸ்கள் வந்து விழ, ராணுவ அணி 35–13 என்று தோற்றது. அதே சீசன் முடிவில் ராணுவ அணியே பாஸ் எறிந்து கடற்படை அணியை வென்றது. ஆயுதம் ஏழு வருடமாக எல்லோர் கையிலும் இருந்தது. நியூயார்க் நிருபர்கள் பார்க்கும்படி அதை எடுத்து வீசியதுதான் இவர்கள் செய்தது.

ராக்னி எப்படி இவ்வளவு பெரிய பெயர் ஆனார்?

நார்வேயின் வோஸ் ஊரில் 1888-ல் பிறந்து, சிறுவனாக சிகாகோவுக்கு வந்தவர். லூத்தரன் குடும்பம், கத்தோலிக்கராக மாறியது 1925-ல், புகழின் உச்சத்தில். 1918 முதல் 1930 வரை தலைமைப் பயிற்சியாளர். 105 வெற்றி, 12 தோல்வி, 5 டை (சமநிலை). ஐந்து சீசன்களில் தோல்வியும் இல்லை, டையும் இல்லை.

பயிற்சியாளராக இருந்ததோடு அவர் நிற்கவில்லை. எந்த ஊரில் யாரோடு ஆடினால் கூட்டம் வரும், எந்த நிருபரிடம் என்ன சொன்னால் மறுநாள் அச்சில் வரும் என்பது அவருக்கு அத்துபடி. கடைசி சீசனில் திறந்த நோட்டர் டேம் ஸ்டேடியத்தை ராக்னி கட்டிய வீடு என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்த 1929-ல் சொந்த மைதானமே கிடையாது. ஒன்பது ஆட்டமும் வெளியூரில். ஒன்பதும் வெற்றி.

கிப்பருக்காக ஒரு வெற்றி: அந்தக் கதை உண்மையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கிப்பர் என்பது ஜார்ஜ் கிப் என்ற வீரரின் பட்டப்பெயர். மிச்சிகன் மாநிலத்தின் லாரியம் ஊர்க்காரர். வந்தது பேஸ்பால் ஆட. ஓடுவார், எறிவார், உதைப்பார், தடுப்பார், எல்லாமே முதல் தரம். ஓட்டத்தில் அவர் சேர்த்த 2,341 கெஜம் என்ற பல்கலைக்கழகச் சாதனை 1978 வரை நின்றது. வகுப்புப் பக்கம் அதிகம் தலைகாட்டாதவர், பில்லியர்ட்ஸ், சீட்டு, பந்தயம் என்று நகரத்தில் வாழ்ந்தவர். 1920-ல் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றி, பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்த வருடம் நவம்பரில் தொண்டைத் தொற்று, நிமோனியா. டிசம்பர் 14 அன்று இறந்தார். வயது 25. ஆன்டிபயாட்டிக் வராத காலம்.

எட்டு வருடம் கழித்து, 1928 நவம்பர் 10. யாங்கி ஸ்டேடியம். அதுவரை தோற்காத ராணுவ அணி எதிரே. ராக்னிக்கோ வாழ்நாளின் மோசமான சீசன். மரணப் படுக்கையில் கிப் தன்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்ததாக ராக்னி அன்று வீரர்களிடம் சொன்னார்: அணி என்றாவது நெருக்கடியில் மாட்டிக்கொண்டால், கிப்பருக்காக ஒரு ஆட்டத்தை ஜெயிக்கச் சொல்லுங்கள் என்று. நோட்டர் டேம் 12–6 என்று வென்றது.

ராக்னி பேசினார் என்பதில் சந்தேகமில்லை. கிப் அப்படிச் சொன்னாரா என்பதுதான் பிரச்சினை. அந்த வேண்டுகோளைக் கேட்டவர் ராக்னி மட்டும். எட்டு வருடம் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அதோடு, வீரர்களை உசுப்பிவிடக் கதை கட்டுவது அவருக்குப் புதிதும் இல்லை. 1922-ல் ஜார்ஜியா டெக் ஆட்டத்துக்கு முன்னால், தன் சின்ன மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கண்கலங்கச் சொன்னார். வீரர்கள் ஜெயித்து ஊர் திரும்பியபோது அந்தப் பையன் ரயில் நிலையத்தில் நல்ல திடகாத்திரமாக வந்து நின்றான். இதைத் தெரிந்த பிறகு கிப் கதையை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கதை சொல்கிறவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த வெற்றிக்கு அடுத்த வாரம் சொந்த ஊரில் கார்னெகி டெக் அணியிடம் 27–7 என்று தோற்றார்கள். 1905-க்குப் பிறகு சொந்த மைதானத்தில் அதுதான் முதல் தோல்வி. 1940-ல் வந்த ஒரு திரைப்படத்தில் கிப்பாக நடித்தவர் ரொனால்ட் ரீகன். அவர் அதிபர் ஆனபோது அந்தப் பட்டப்பெயரும் கூடவே வெள்ளை மாளிகைக்குப் போனது.

நான்கு குதிரைவீரர்கள் என்பவர்கள் யார்?

குவார்ட்டர்பேக் ஹாரி ஸ்டூல்ட்ரெஹர், அவருக்குப் பின்னால் நின்று பந்தோடு ஓடும் ஹாஃப்பேக்குகள் ஜிம் க்ரௌலியும் டான் மில்லரும், ஃபுல்பேக் எல்மர் லேடன். 1924 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ராணுவ அணியை 13–7 என்று வென்றார்கள். கிராண்ட்லண்ட் ரைஸ் என்ற விளையாட்டு நிருபர், பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் நான்கு குதிரைவீரர்களோடு இவர்களை ஒப்பிட்டுத் தன் செய்தியைத் தொடங்கினார். அந்த ஒப்புமை அவருக்குச் சும்மா தோன்றியதல்ல. ஜார்ஜ் ஸ்ட்ரிக்லர் என்ற மாணவர் ராக்னிக்கு விளம்பர வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே பெயருள்ள ஊமைப்படம் ஒன்றை அவர் அப்போதுதான் பார்த்திருந்தார்; இடைவேளையில் நிருபர்களோடு நின்று அதைப் பற்றிப் பேசியது ரைஸ் காதில் விழுந்திருந்தது. சவுத் பெண்ட் திரும்பியதும் ஸ்ட்ரிக்லர் வாடகைக் குதிரைகள் நான்கைப் பிடித்து, நால்வரையும் ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுக்கச் செய்தார். அந்தப் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. ஒரு மாணவன் நடத்திய விளம்பரம் நூறு வருடம் நீடித்திருக்கிறது.

உடம்பில் பெரிய ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். நால்வரில் யாரும் ஆறடியைத் தாண்டவில்லை. எடை 165 பவுண்டுக்குள், சுமார் 75 கிலோ. வேகமும் நேரக் கணிப்பும்தான் பலம். மூன்று சீசனில் அவர்கள் தோற்றது இரண்டே ஆட்டம், இரண்டும் நெப்ராஸ்காவிடம். 1925 புத்தாண்டு அன்று, சீசன் முடிந்ததும் நடக்கும் பவுல் போட்டிகளில் ஒன்றான ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபோர்டை 27–10 என்று வென்றார்கள். லேடன் மட்டும் மூன்று டச் டவுன், அதில் இரண்டு எதிராளியின் பாஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

அவர்களுக்கு வழி திறந்துவிட்ட முன்வரிசை ஏழு பேருக்குக் கிடைத்த பட்டம் ஏழு கோவேறு கழுதைகள். அணித் தலைவர் ஆடம் வால்ஷ் அந்த ராணுவ அணி ஆட்டத்தை இரண்டு கையிலும் எலும்பு முறிவோடு ஆடினார். குதிரையில் ஏற்ற வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

ஐரிஷ்காரர்கள் அணி என்று ஏன் பெயர்?

கத்தோலிக்கப் பள்ளி, நிறைய ஐரிஷ் வம்சாவளி மாணவர்கள். எதிரணிக் கூட்டம் கேலியாகச் சொன்னதை இவர்களே எடுத்துச் சூடிக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போய் ஆடுவதால் நாடோடிகள் என்ற பெயரும் பத்திரிகைகளில் ஓடியது. 1927-ல் பல்கலைக்கழகத் தலைவர் பாதிரியார் மேத்யூ வால்ஷ், ஃபைட்டிங் ஐரிஷ் என்பதை அதிகாரபூர்வமாக ஏற்றார். அன்றைய இந்தியானாவில் கத்தோலிக்கர்களை வெறுக்கும் கூ க்ளக்ஸ் க்ளான் பலமாக இருந்தது. 1924 மே மாதம் சவுத் பெண்டில் அவர்கள் கூடியபோது மாணவர்கள் தெருவில் இறங்கி அங்கிகளைப் பிடுங்கிக் கைகலப்பில் முடிந்தது. அந்தப் பின்னணியில் பார்த்தால், நாடெங்கும் நகரங்களில் வேலை செய்த கத்தோலிக்கக் குடும்பங்கள், இந்தியானாவை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள், இதைத் தங்கள் அணியாக நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஏன் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேரவில்லை?

கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் தொடர்ந்து ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. முதலில் இவர்கள் சேரத்தான் விரும்பினார்கள். பிக் டென் என்று பிறகு அறியப்பட்ட மேற்கத்திய கான்ஃபரன்ஸ் சேர்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து அணிகள் ஆட வராததால் நியூயார்க், கலிபோர்னியா, டெக்சஸ் என்று பயணப்பட வேண்டியதாயிற்று. மூடிய கதவு நல்லதாகப் போயிற்று: நாடு முழுக்க ரசிகர்கள். 1991 முதல் சொந்த மைதான ஆட்டங்களை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. அப்படி ஒரு தனி ஒப்பந்தம் இருக்கும்போது வருமானத்தைப் பங்கு போட யாருக்கு ஆசை வரும்? கொரோனா காரணமாக 2020 ஒரு சீசன் மட்டும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடினார்கள்.

ராக்னியின் மரணம் விமானங்களை மாற்றியதா?

ஆமாம், இது மிகையில்லை. 1931 மார்ச் 31 அன்று அவர் போன ஃபோக்கர் விமானம் கான்சஸ் மாநிலத்தின் பஜார் கிராமம் அருகே விழுந்தது. எட்டு பேரும் பலி. அவருக்கு வயது 43. இறக்கை மரத்தால் ஆனது; ஈரம் ஏறிப் பசை விட்டுப்போயிருந்தது. இறந்தது ராக்னி என்பதால் நாடே பதில் கேட்டது. மர இறக்கை விமானங்கள் மேல் பயணிகளுக்கு நம்பிக்கை போய், விமான நிறுவனங்கள் முழு உலோக விமானங்களுக்கு மாறுவது வேகமெடுத்தது.

ராக்னிக்குப் பிறகு சிறந்த காலம் எது?

முடிவுகளை வைத்துப் பார்த்தால் ஃபிராங்க் லேஹியின் காலம். ராக்னியிடமே முன்வரிசை வீரராக ஆடியவர். 1946 முதல் 1949 வரை நான்கு சீசன்: 36 வெற்றி, 2 டை, தோல்வி இல்லை. போரிலிருந்து திரும்பிய, வயதில் முதிர்ந்த வீரர்கள் அணியில் குவிந்திருந்தார்கள். ராணுவ அணியோடு 1946-ல் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த 0–0 ஆட்டத்தில், தனியாக ஓடிவந்த எதிரணியின் டாக் பிளான்சர்டை நோட்டர் டேமின் ஜானி லூஜாக் காலைப் பிடித்து வீழ்த்தியதை இன்னும் பேசுகிறார்கள்.

லேஹி சுத்தமான ஆள் என்று சொல்ல முடியாது. 1953-ல் அயோவாவோடு ஆடியபோது, கடிகாரத்தை நிறுத்த நோட்டர் டேம் வீரர் காயம்பட்டதுபோல் விழுந்தார். ஆட்டம் 14–14 டை. அப்புறம் விதியை மாற்றினார்கள். அந்த சீசனோடு, உடல்நிலை கெட்டு, 45 வயதில் அவர் ஓய்வு பெற்றார்.

ஹைஸ்மன் விருது எத்தனை பேருக்கு?

வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான இந்த விருது ஏழு நோட்டர் டேம் வீரர்களுக்குக் கிடைத்திருக்கிறது: ஆஞ்சலோ பெர்டெல்லி 1943, லூஜாக் 1947, லியான் ஹார்ட் 1949, ஜானி லாட்னர் 1953, பால் ஹார்னங் 1956, ஜான் ஹுவார்ட்டே 1964, டிம் பிரவுன் 1987. பெர்டெல்லி ஆறே ஆட்டம் ஆடிவிட்டு மரைன் படைக்குப் போனவர். விவாதம் எழுவது ஹார்னங் விஷயத்தில். அவர் அணி அந்த வருடம் 2 வெற்றி, 8 தோல்வி. தோற்ற அணியிலிருந்து ஹைஸ்மன் வாங்கியவர் அவர் மட்டுமே. அணிந்திருந்த ஜெர்சிக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கறுப்பின வீரர்கள் எப்போது ஆடத் தொடங்கினார்கள்?

தாமதமாக. 1953-ல் வேய்ன் எட்மண்ட்ஸும் டிக் வாஷிங்டனும் களமிறங்கினார்கள். 1966-லும் அணியில் ஒரே ஒரு கறுப்பின வீரர், ஆலன் பேஜ். ஒதுக்கப்பட்டவர்களின் அணி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட பள்ளிக்கு இது பெருமை இல்லை. பேஜ் பிறகு மினசோட்டா வைக்கிங்ஸில் ஆடி 1971-ல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கினார். ஆடிக்கொண்டே சட்டம் படித்து, 1993 முதல் 2015 வரை மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். இந்த அணியிலிருந்து வந்தவர்களில் மைதானத்துக்கு வெளியே அவரைவிடப் பெரிய வாழ்க்கை வாழ்ந்தவர் யாரும் எனக்குத் தெரியவில்லை.

1966-ல் 10–10 டைக்கு ஏன் இவ்வளவு சண்டை?

நவம்பர் 19, ஈஸ்ட் லான்சிங். முதல் இடத்தில் நோட்டர் டேம், இரண்டாம் இடத்தில் மிச்சிகன் ஸ்டேட். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்க்க மறுத்த கறுப்பின வீரர்களைக் கொண்டு கட்டிய அணி மிச்சிகன் ஸ்டேட். நோட்டர் டேம் குவார்ட்டர்பேக் டெரி ஹான்ரட்டி தொடக்கத்திலேயே காயத்தோடு வெளியேறினார். நீரிழிவு நோயுள்ள கோலி ஓ'ப்ரையன் மாற்றாக வந்து, 0–10 என்று இருந்ததைச் சமன் செய்ய உதவினார். கடைசி நிமிடத்தில் பந்து நோட்டர் டேம் கையில். பயிற்சியாளர் ஆரா பார்சீகியன் பாஸ் எறிந்து ஆபத்தை விலைக்கு வாங்காமல், ஓட்டம் ஓட்டமாக விட்டுக் கடிகாரத்தை ஓட்டினார். எதிரணி வீரர்கள் நின்ற இடத்திலிருந்தே கேலி செய்தார்கள்.

அடுத்த வாரம் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை 51–0 என்று நொறுக்கி, சாம்பியனை முடிவு செய்யும் வாக்கெடுப்பில் முதல் இடத்தைத் தக்கவைத்தார்கள். எல்லா ஆட்டமும் ஜெயித்த அலபாமாவுக்கு மூன்றாம் இடம். பார்சீகியன் செய்தது கணக்குப்படி சரி; மாற்று குவார்ட்டர்பேக் களைத்திருந்தார், டையே போதுமானதாக இருந்தது. பார்க்கத்தான் நன்றாக இல்லை.

ஜோ மோன்டானா இங்கே ஆடியவர்தானே? கோழி சூப் கதை என்ன?

ஆமாம். பிறகு தொழில்முறை ஃபுட்பாலில் பெரிய நட்சத்திரமான மோன்டானா, இங்கே 1977 சீசனை மூன்றாம் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியவர். பர்டூ ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஜெயித்துக்கொடுத்த பிறகு இடம் நிரந்தரமானது. அந்த வருடம் சாம்பியன் பட்டம். 1979 புத்தாண்டு அன்று டல்லஸில் காட்டன் பவுல், உறைபனிக் குளிர். மோன்டானாவின் உடல் வெப்பம் இறங்கிவிட்டது. உடைமாற்றும் அறையில் போர்வை போர்த்திக் கோழி சூப் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது ஹூஸ்டன் முன்னிலையில். ஒரு கட்டத்தில் 34–12. எட்டு நிமிடத்துக்குள் எல்லாம் தலைகீழ். கடைசி நொடிப் பாஸை கிரிஸ் ஹெய்ன்ஸ் பிடிக்க, கூடுதல் புள்ளியும் சேர்ந்து 35–34. கிப் கதை போல் இல்லை. முழுவதும் எல்லோர் கண் முன்னால் நடந்தது.

கடைசி சாம்பியன் பட்டம் எப்போது? பிறகு ஏன் வரவில்லை?

1988, லூ ஹோல்ட்ஸ் பயிற்சியில், 12–0. மயாமியை 31–30 என்று வென்ற அக்டோபர் ஆட்டம்தான் அதன் மையம். கடைசியில் மயாமி இரண்டு புள்ளிக்கு முயல, பாட் டெரல் பாஸைத் தட்டிவிட்டார். 1993-ல் இன்னொன்று கைக்கு வந்தது. முதல் இடத்திலிருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை வென்று ஒரே வாரத்தில், பாஸ்டன் காலேஜின் கடைசி நொடி உதையில் 41–39 என்று போனது.

பிறகு தேய்மானம். பவுல் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது தோல்வி. 2001-ல் வந்த ஜார்ஜ் ஓ'லியரி, தன் தகுதிக் குறிப்பில் பொய் இருந்தது வெளிவந்து சில நாளிலேயே விலகினார். மற்ற பல்கலைக்கழகங்களும் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியதும் இவர்களுடைய பழைய சலுகை கரைந்தது. 2012-ல் இறுதிப் போட்டி வரை போய் அலபாமாவிடம் 42–14.

மார்கஸ் ஃப்ரீமன் பயிற்சியில் 2024 சீசன் மறுபடி ஆசை காட்டியது. சொந்த ஊரில் நார்தர்ன் இல்லினாயிடம் 16–14 என்று தோற்ற அணி, எழுந்து இந்தியானா, ஜார்ஜியா, பென் ஸ்டேட் மூவரையும் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் வென்றது. 2025 ஜனவரி 20 அன்று இறுதிப் போட்டி ஒஹாயோ ஸ்டேட்டிடம் 34–23 என்று தோல்வியில் முடிந்தது.

மொத்தம் எத்தனை பட்டங்கள்?

பல்கலைக்கழகம் சொல்வது 11: 1924, 1929, 1930, 1943, 1946, 1947, 1949, 1966, 1973, 1977, 1988. இதைவிட அதிகமான எண்களும் கண்ணில் படும், ஏனென்றால் நெடுங்காலம் இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது; நிருபர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்து முடிவு செய்தார்கள்.

அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் ராக்னியா, பிரையன் கெல்லியா?

மைதானத்தில் கெல்லி. 2010 முதல் 2021 வரை 113 ஆட்டம் ஜெயித்தார். ஆனால் மாணவர்களின் படிப்பில் நடந்த முறைகேடு காரணமாக 2012, 2013 சீசன்களின் 21 வெற்றிகளைக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ரத்து செய்தது. ஏட்டில் மிஞ்சியது 92. ஆக, அதிகாரபூர்வப் பட்டியலில் ராக்னியின் 105 தான் இன்னும் மேலே நிற்கிறது. இரண்டில் எதைச் சொன்னாலும் எதிர்ப்பவர் ஒருவர் இருப்பார்.